சிங்கப்பூர் ஐந்து நட்சத்திர ஹோட்டல்: ++ விலை, கார்டு டெபாசிட், சைவச் சாப்பாடு

நீலவானம் கேட்டது:
மரீனா பே பக்கம் மூன்று இரவு தங்க அறை பார்க்கிறோம். நான்கு பேர், பிள்ளைகளுக்கு வயது 6, 11. ஹோட்டல் தளத்தில் இரவுக்கு 500 டாலர்++ என்று போட்டிருக்கிறது. கடைசியில் எவ்வளவு வரும்? டெபாசிட்டுக்கு டெபிட் கார்டு போதுமா? ஓர் இரவு அங்கேயே சாப்பிட எண்ணம், இருவர் சைவம்.

கணக்கர்:
முதல் + என்பது சேவைக் கட்டணம், 10%. இரண்டாவது + என்பது ஜிஎஸ்டி, 2024 ஜனவரி 1 முதல் 9%. இரண்டையும் கூட்டி 19% என்று போட்டால் கணக்கு உதைக்கும். சேவைக் கட்டணம் சேர்ந்த தொகையின் மேல்தான் ஜிஎஸ்டி விழும்: 500 + 50 = 550, அதில் 9% 49.50, ஆக 599.50 டாலர். எந்த ++ விலையையும் 1.199 ஆல் பெருக்கிவிடுங்கள், உணவக மெனுவுக்கும் இதே கணக்குதான். முன்பதிவுத் தளங்களில் சில வரியோடு காட்டும், சில பணம் கட்டும் பக்கத்தில்தான் சேர்க்கும். அந்தக் கடைசிப் பக்கத் தொகையை வைத்தே ஒப்பிடுங்கள்.

டெபிட் கார்டை டெபாசிட்டுக்கு நீட்டவே வேண்டாம். செக்-இன்னில் ஒரு தொகையை ஹோல்ட் செய்வார்கள், அதாவது எடுக்காமல் கார்டில் பிடித்துவைப்பார்கள். கிரெடிட் கார்டில் அது வரம்பை மட்டும் குறைக்கும். டெபிட், ஃபாரெக்ஸ் கார்டுகளில் உங்கள் பணமே முடங்கும். ஹோட்டல் அன்றே விடுவித்தாலும் வங்கிக் கணக்குக்குத் திரும்பப் பல நாள் ஆகலாம். ஊர் சுற்ற வைத்திருந்த பணம் அதற்குள் மாட்டிக்கொள்ளும். ஹோல்டுக்குக் கிரெடிட் கார்டைக் கொடுத்துவிட்டு, இறுதி பில்லை எதில் வேண்டுமானாலும் கட்டலாம். கார்டு மெஷின் உங்கள் நாட்டுப் பணமா, சிங்கப்பூர் டாலரா என்று கேட்டால் சிங்கப்பூர் டாலரையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் அவர்கள் வைக்கும் மாற்று விகிதத்துக்குள் லாபம் ஒளிந்திருக்கும்.

மேசைஓரம்:
சாப்பாட்டு விஷயம். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது. காய்கறி வறுவலில் சிப்பி சாஸ், சூப்பில் கோழி வேகவைத்த நீர், மிளகாய்த் துவையலான சம்பலில் பெலாச்சான் என்னும் இறால் விழுது இருக்கலாம்; தட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்த மூன்றையும், மீன் சாஸையும், முட்டை ஆகாதென்றால் அதையும் பெயர் சொல்லி மேசை பதிவு செய்யும்போதே எழுதுங்கள். ஆர்டர் எடுப்பவரிடம் மறுபடியும் சொல்லுங்கள், பதிவுக்குறிப்பு சமையலறை வரை போகாமல் நின்றுவிடுவது உண்டு.

சீன உணவகங்களில் கேட்காமலே மேசைக்கு வரும் கடலை, ஊறுகாய், ஈரத்துண்டு பில்லில் ஏறலாம். வேண்டாமென்றால் தொடுவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாட்டில் தண்ணீருக்குக் காசு. குழாய்த் தண்ணீர் அப்படியே குடிக்கத்தக்கது, அதையே கேளுங்கள். சேவைக் கட்டணம் போட்ட பில்லில் தனியாக டிப்ஸ் தேவையில்லை.

இன்னொன்று, "காலை உணவு உட்பட" என்பது பெரும்பாலும் இருவருக்குத்தான். பிள்ளைகளுக்கான வயது வரம்பு ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். 6க்கு இலவசமாகி 11க்குக் கட்டணம் வரலாம். மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசல்மணி:
நான்கு பேர் என்பதையும் பதிவிலேயே போடுங்கள். அறையின் உச்ச எண்ணிக்கை மூன்று என்றால் கவுண்டரில் இரண்டாவது அறை எடுக்கச் சொல்வார்கள். உள்கதவால் இணைந்த இரண்டு அறைகள் கேட்டால், அது உறுதியா, வெறும் கோரிக்கையா என்று எழுத்தில் வாங்குங்கள். மினிபாரில் (அறையில் விற்பனைக்கு வைத்திருக்கும் பானம், தின்பண்டம்) சென்சார் இருந்தால் பொருளை நகர்த்தினாலே பில் ஏறும். பால், மருந்து வைக்கக் காலி ஃப்ரிட்ஜ் கேளுங்கள். பிளக் சதுர மூன்று முனை, 230 வோல்ட்.

நீலவானம்:
மிக்க நன்றி. கிளம்பும்போது விமான நிலையத்தில் அறை வாடகை ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாமா?

கணக்கர்:
முடியாது. கடையில் வாங்கி வெளிநாட்டுக்கு எடுத்துப்போகும் பொருட்களுக்கு மட்டுமே. தங்கியதும் சாப்பிட்டதும் அதில் சேராது.