சில்கி - சிறுவிடை கலப்பு: அடுத்து எதோடு சேர்ப்பது?

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு முட்டைத் தேவைக்குச் சிறுவிடை நாட்டுக்கோழி வளர்க்கிறோம். மகள் ஆசைப்பட்டாள் என்று நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு சில்கிச் சேவல் (பஞ்சு போன்ற இறகுள்ள கோழி இனம்) வாங்கி, கறுப்புப் பெட்டைகளோடு விட்டோம். குஞ்சுகளில் பாதி கறுப்பு, பாதி சாம்பல். சிலதுக்குத் தலையில் அழகான குடுமி. ஆனால் ஒன்றுக்கும் பஞ்சு இறகு இல்லை. அது தாய், தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும் குணம் என்பதால் அது சரிதான்.

இப்போது அந்தக் குஞ்சுகள் விடலைகளாக வளர்ந்து முட்டைக்கு வரும் பருவம். இவற்றை மறுபடி சில்கியோடு சேர்த்தால் ஏறக்குறைய பாதிக் குஞ்சுகள் பஞ்சு இறகோடு வரும். தங்களுக்குள் சேர்த்தால் நாலில் ஒரு பங்குதான். ஆனால் சில்கி ரத்தம் கூடக்கூட அடிக்கடி அடைக்கு உட்காருமே, முட்டை குறையுமே என்பதுதான் என் கவலை. சிறுவிடையே அடைக்குப் பேர்போனது! இந்தக் கலப்பை இரண்டு, மூன்று தலைமுறை கொண்டுபோனவர்கள் இருந்தால் முட்டை எப்படி இருந்தது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

அப்புறம், பஞ்சு இறகில் தண்ணீர் வழிந்தோடாது, ஊறிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்த தோட்டத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தகப்பனோடே சேர்க்க எனக்கு மனமில்லை. மதுரை, திண்டுக்கல் பக்கம் யாரிடமாவது உறவில்லாத சில்கிச் சேவல் இருக்கிறதா? கறுப்பு என்றாலும் சரி. மாற்றாக இரண்டு குடுமி விடலைகள் தருகிறேன்.