பத்து நிமிடச் சிரிப்பும் இரண்டு மணி நேரத் தூக்கமும்

கரிசல்வாசி:
“மனம் மகிழ்ந்திருப்பவரை நோய் அண்டாது, நார்மன் கசின்ஸ் சிரித்தே தம் முதுகெலும்பு நோயை விரட்டினார்” என்று பொருநையார் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. 1964இல் படுத்த படுக்கையான அந்த அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர், வேடிக்கைப் படங்களைப் பார்த்துப் பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியின்றித் தூங்க முடிந்ததாக எழுதியது உண்மையே. ஆனால் அதே நாட்களில் வைட்டமின் சி-யை நரம்பு வழியாகப் பெருமளவில் ஏற்றிக்கொண்டார் என்பதைப் பொருநையார் வசதியாக விழுங்கிவிட்டார்.

பொருநையார்:
விழுங்கவில்லை ஐயா, அது தேவைப்படவில்லை. 1976இல் அவர் கட்டுரையை வெளியிட்டது தெருமுனைத் துண்டுப் பிரசுரம் அன்று, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ். சிரிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த இ.எஸ்.ஆர். (உடலின் அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனை) அளவு ஒவ்வொரு முறையும் ஐந்து புள்ளியாவது இறங்கியதாக அதில் இருக்கிறது. தூக்கம்தான் பொய் என்றால் இரத்தமுமா பொய் சொல்லும்?

கரிசல்வாசி:
தூக்கம் பொய் என்று நான் எங்கே எழுதினேன்? எதனால் வந்த தூக்கம் என்பதுதான் கேள்வி. சொல்லாததைச் சொன்னதாகத் திரிப்பது உங்களுக்குப் புதிதன்று. சித்த மருத்துவம் பற்றிய விவாத இழையில் நீங்கள் செய்ததை இங்கே பலர் மறக்கவில்லை.

வெண்பா:
கசின்ஸை விட்டுவிட்டு அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோயனின் 2003ஆம் ஆண்டு ஆய்வைப் பாருங்கள். நல்ல உடல்நலமுள்ள 334 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டு விட்டுத் தனிமையில் வைத்து, அவர்கள் மூக்குச் சிந்திய காகிதங்களைக்கூட எடை போட்டார்கள். உற்சாகமும் அமைதியுமான இயல்பினருக்குச் சளி பிடித்தது குறைவாகவே இருந்தது.

கரிசல்வாசி:
அந்த 334 பேரில் யாராவது பத்து நிமிடம் சிரித்து இரண்டு மணி நேரம் தூங்கினார்களா அம்மா? எண்ணிக்கைதான் வேண்டுமென்றால், பிரிட்டனில் ஏழு லட்சம் பெண்களை ஆராய்ந்த கட்டுரை 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஏற்கெனவே இருந்த நோய், புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகு, மகிழ்ச்சிக்கும் ஆயுளுக்கும் தொடர்பே தென்படவில்லை. நோய்தான் மனத்தைக் கெடுக்கிறது. நீங்கள் இருவரும் வண்டியைக் குதிரைக்கு முன்னால் கட்டுகிறீர்கள்.

பொருநையார்:
அந்த ஏழு லட்சம் பேரிடம் ‘எவ்வளவு அடிக்கடி மகிழ்ச்சியாக உணர்கிறீர்கள்’ என்ற ஒற்றைக் கேள்வியைத்தானே கேட்டார்கள்? கசின்ஸ் தாமே சொன்னால் கதை, பிரிட்டன் பெண்கள் தாமே சொன்னால் விஞ்ஞானமா? சேர்ந்து சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் திறன் கூடியதை பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பரின் குழு 2011இல் காட்டியது. இரண்டு மணி நேரத் தூக்கத்திற்கு விளக்கம் அங்கே இருக்கிறது.

கரிசல்வாசி:
அங்கே எண்டார்ஃபினை, அதாவது உடலே சுரக்கும் வலி நிவாரணியை, நேரடியாக அளக்கவே இல்லை. வலி தாங்கியதை வைத்து ஊகித்தார்கள். உறைய வைத்த உறையைக் கையில் சுற்றி, எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று பார்ப்பதும் முதுகெலும்பு அழற்சியும் ஒன்றா?

மதுரைத் தமிழன்:
இருவரில் எவருக்காவது மருத்துவப் பட்டம் உண்டா?

பொருநையார்:
முப்பதாண்டு மருந்துக்கடை அனுபவம் உண்டு. கரிசல்வாசிக்கு என்ன உண்டு என்று அவரே சொல்லட்டும்.

கரிசல்வாசி:
மருந்து விற்றவர் சிரிப்பை மருந்து என்கிறார், நல்ல வேடிக்கை! பட்டம் கிடக்கட்டும், வைட்டமின் சி ஏற்றாமல் சிரித்திருந்தாலும் அந்த இரண்டு மணி நேரம் வந்திருக்குமா என்ற கேள்விக்கு இதுவரை எவரும் பதில் எழுதவில்லை.

பொருநையார்:
சிரிக்காமல் வைட்டமின் மட்டும் ஏற்றியிருந்தால் வந்திருக்குமா என்பதற்கு முதலில் நீங்கள் எழுதுங்கள்.