அட்மினே சித்தப்பா, என்ன செய்ய?

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு யோசனை சொல்லுங்கள். பாம்பனில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப், படகு கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கிறார்களா, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாச்சா என்று பார்க்கத்தான் ஆரம்பித்தது. இப்போது திறந்தால் ரோஜாப்பூ காலை வணக்கம், அப்புறம் எந்த ஊர் என்றே தெரியாத பழைய புயல் வீடியோ. பல தடவை ஃபார்வர்ட் ஆனது என்று இரட்டை அம்புக்குறியோடு வருவதைத்தான் சித்தப்பா நடுராத்திரியில் 'உஷார்' என்று போடுகிறார், கடலுக்குப் போனவர் வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்? அந்த வகையை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் 2020-லேயே கட்டுப்பாடு போட்டது, மனிதர் அசரவில்லை. அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றலாம்தான், ஆனால் அட்மினே அவர்தானே! மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? வானிலைக்கு மட்டும் தனிக் குரூப் வைத்திருப்பவர்கள், மண்டபம், தொண்டி பக்கம் யாராவது, எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.