மார்கழிக் காலையில் வாட்டர்கலர் காயவே மாட்டேங்குது

கேள்வி: அரையாண்டு லீவு முடியுறதுக்குள்ள திருநெல்வேலி தாமிரபரணிக் கரையில இருக்கிற குறுக்குத்துறைப் படித்துறையை நாலு தாளாவது வரையணும். காலை ஆறரைக்கு உட்கார்ந்தா, வானம் காயுறதுக்குள்ள மரத்தோட பச்சை அதுக்குள்ள பரவிடுது. 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்ங்கிற கனக் கணக்கு) தாள் அப்பளமா நெளியுது. என்ன செய்யலாம் அண்ணாச்சி?

பதில் 1: தாள்தான் முதல் குற்றவாளி. 300 ஜிஎஸ்எம் காட்டன் தாள்னா பாதித் தொல்லை தீரும். கையில இருக்கிறதை வீணாக்க வேண்டாம்னா, அஞ்சு நிமிஷம் தண்ணியில ஊறவச்சு பலகையில விரிச்சு, நாலு ஓரமும் நனைச்சு ஒட்டுற பிரவுன் பேப்பர் டேப் போடுங்க. ராத்திரி முழுக்கப் பலகை படுக்கையாவே கிடக்கணும். சாய்ச்சு வச்சா தண்ணி கீழ இறங்கி, தாள் ஒரே சீராக் காயாது. மாஸ்கிங் டேப் ஆகாது, ஈரத்துல உரிஞ்சு வந்துடும்.

பதில் 2: காஞ்சுதான்னு கண்ணை நம்பாதீங்க. புறங்கையை லேசா வச்சுப் பாருங்க, சில்லுன்னு இருந்தா உள்ள ஈரம் இருக்கு. பளபளப்பு போய் மங்குற நேரம்தான் மோசம். அப்போ தண்ணி சொட்டுற பிரஷ் பட்டா காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கட்டிடும். பளபளப்பு இருக்கும்போதே, அதிகம் தண்ணி சேர்க்காத கெட்டி வண்ணத்துல அக்கரை மரங்களை வச்சிடுங்க. அது பரவுறதுதான் பனிமூட்டம், தனியா வரையவே வேண்டாம்! கல்மண்டபத்தை முழுசாக் காஞ்ச பிறகு போடுங்க. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பும் கலந்தா நல்ல சாம்பல் வரும், கறுப்பு டியூபைத் தொடாதீங்க.

பதில் 3: பெயிண்ட் பெட்டியை ஈரத்தோட மூடிறாதீங்க, பூஞ்சை பிடிச்சிடும்.