பிளாக் ஹீட்டருக்குத் தமிழில் என்ன? 'கணப்பு' குறித்த மடல்கள்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

கடுங்குளிரில் நிற்கும் எஞ்சினைக் கிளப்பும் முன் மின்சாரத்தால் சூடாக்கும் கருவி பிளாக் ஹீட்டர். வாகனச் சொற்பட்டியலில் அதற்கு 'கட்டைச் சூடேற்றி' என்று போட்டிருக்கிறோம். எடுத்துவிடலாம். கட்டை என்றதும் விறகுதான் நினைவுக்கு வருகிறது.

கனடாவில் வினிபெக், எட்மன்டன் பக்கம் மைனஸ் 30° புதிதில்லை. சில இரவுகளில் 40-ஐயும் தொடும். அங்கே பழைய பிக்கப் வண்டிகளின் முன்கிரில்லில் பிளக்கோடு ஒரு வயர் தொங்கும். அதன் மறுமுனை எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு கோர் பிளக்கை (வார்ப்புத் துளையை அடைக்கும் உலோக மூடியை) கழற்றிய துளையில் செருகிய ஹீட்டிங் காயில். கூலண்டில் மூழ்கியிருக்கும். 120 வோல்ட், பெரும்பாலும் 400 முதல் 1000 வாட். சூடாவது கூலண்ட், அதன் வழியாகச் சிலிண்டர் சுவர்கள். எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் கிடக்கும் ஆயிலுக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான்.

வடக்கு டகோட்டாவின் ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949-இல் காப்புரிமை பெற்ற கருவி, சிலிண்டர் ஹெட்டை இறுக்கும் ஹெட் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்துவது. அதனால் அது 'ஹெட் போல்ட் ஹீட்டர்'. ஆக, ஆங்கிலப் பெயர்கள் பொருத்தும் இடத்தைச் சொல்கின்றன. நாம் வேலையைச் சொல்வோம். குளிர்காய மூட்டும் நெருப்புக்குக் கணப்பு என்று சொல் இருக்கிறதே. 'எஞ்சின் கணப்பு' என்று வைக்கலாமா?

- - -

> 'எஞ்சின் கணப்பு' என்று வைக்கலாமா?

சொல் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் கணப்பு என்றால் ஆள் குளிர்காய்வது. டாஷ்போர்டில் இருக்கும் ஹீட்டர் என்றுதான் படிப்பவர் நினைப்பார். செல்ஃப் (ஸ்டார்ட்டர்) அடிப்பதற்கு முன்பே சூடாக்குவதால் 'முன்சூடேற்றி' போதாதா? சம்ப்பின் அடியில் ஒட்டும் பேடு, பேட்டரியைச் சுற்றும் போர்வை, ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் பொருத்தும் வகை எல்லாம் அதில் அடங்கிவிடும்.

- - -

அடங்கிவிடும் என்பதுதான் சிக்கல். டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் பழுத்து எரிபொருள் பற்ற உதவும் குளோ பிளக்கும் செல்ஃப் அடிப்பதற்கு முன் சூடேறுவதுதானே? அதையும் முன்சூடேற்றி என்றுதான் எழுதுவார்கள். குளோ பிளக் உள்ள எஞ்சினில், குளிரில் எளிதாகப் பற்ற வைப்பதற்கென்று காற்றுவழியில் அடிக்கும் ஈதர் ஸ்ப்ரேயை அடிக்கவே கூடாது. பழுத்திருக்கும் முனையில் பட்டுக் கண்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனையே உடைக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இந்த எச்சரிக்கையை எங்கே எழுதுவது? குளோ பிளக்கிற்குத் 'தணல்முனை' என்று தனியே வைப்போம்.

கணப்புக்கு முன்னால் எது சூடாகிறதோ அதைச் சேர்த்துவிட்டால் குழப்பம் தீரும்: கூலண்ட் கணப்பு, ஆயில் கணப்பு, பேட்டரி கணப்பு. கீழ் ஹோஸ் வகையும் கூலண்ட் கணப்பே. 'எஞ்சின் கணப்பு' வேண்டாம். அப்படிச் சொன்னால் வயரைச் செருகியதும் எல்லாமே சூடாகிவிட்டது என்று தோன்றும். சிலிண்டர் வெதுவெதுப்பாக இருந்தும் செல்ஃப் இழுக்காமல் திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் பேட்டரியும் ஆயிலும். மைனஸ் 18°-இல் பேட்டரியின் திறன் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 10W-30 ஆயில் போட்டிருந்தால் மைனஸ் 35°-இல் தேன்பாகாகிவிடும். அந்தக் குளிருக்கு 0W-30 வேண்டும் (W-க்கு முன்னால் எண் குறையக் குறைய ஆயில் குளிரில் இளகலாக இருக்கும்).

சொற்களை ஒரு வழிமுறையில் போட்டுப் பார்க்கிறேன். கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் பிக்கப்:

"கூலண்ட் கணப்பைக் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு செருகவும், டைமர் வைத்தால் இரவு முழுக்க மின்சாரம் வீணாகாது. வெளியில் பயன்படுத்தும் தடித்த வயராக இருக்கட்டும், மெல்லிய வயர் சூடேறி பிளக் உருகும். கியர் நியூட்ரலில், கிளட்சை முழுக்க மிதித்துக்கொள்ளவும். இல்லாவிட்டால் கியர்பாக்ஸின் கெட்டி ஆயிலையும் செல்ஃபே சுற்ற வேண்டியிருக்கும். ஆட்டோ சோக் (கார்புரேட்டருக்குள் போகும் காற்றைக் குறைக்கும் தானியங்கி மூடி) என்றால் ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை அடிவரை மிதித்து விட்டால்தான் சோக் மூடும். கடுங்குளிரில் இன்னும் இரண்டு மிதி. பிறகு காலை எடுத்துவிட்டு செல்ஃப் அடிக்கவும். 10 நொடிக்கு மேல் வேண்டாம். பிடிக்காவிட்டால் இரண்டு நிமிடம் செல்ஃப் மோட்டாரை ஆறவிடவும். பெட்ரோல் வாசம் தூக்கலாக அடித்தால் ஸ்பார்க் பிளக் நனைந்துவிட்டது. பெடலை அடிவரை அழுத்திப் பிடித்தபடி, பம்ப் செய்யாமல், செல்ஃப் அடித்தால் சோக் சற்றுத் திறந்து காற்று உள்ளே போகும்."

சோக், செல்ஃப் இரண்டையும் தொடாமல் விட்டிருக்கிறேன். பட்டறையில் வழங்கும் சொல்லை மாற்றினால் யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். 'பிளக் நனைதல்' மெக்கானிக் வாயில் இருப்பதுதான். அதையே பதிவாக ஏற்றலாம்.

- - -

கூலண்ட் கணப்பு, ஆயில் கணப்பு, பேட்டரி கணப்பு, தணல்முனை நான்கும் எனக்குச் சம்மதம். விளக்கத்தில் இரண்டு சேர்க்கவும்.

கூலண்ட் கணப்பில்: கூலண்ட் இல்லாமலோ காயிலைச் சுற்றிக் காற்று அடைத்திருக்கும்போதோ செருகினால் சில நிமிடங்களிலேயே கருகிவிடும். புதிதாகப் பொருத்தியவர்கள் கூலண்ட் நிரப்பி, எஞ்சினை ஓட்டிக் காற்றை வெளியேற்றிய பிறகே செருக வேண்டும். கூலண்ட் கலவையில் கிளைகாலும் (உறையாமல் காக்கும் திரவம்) தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 37° வரை தாங்கும். 60 பங்கு கிளைகாலுக்கு 40 பங்கு தண்ணீர் என்றால் மைனஸ் 50°-ஐயும் தாண்டும். தண்ணீரே கலக்காத கிளைகால் மைனஸ் 13° வாக்கிலேயே உறையும், அதையும் எழுதிவிடுங்கள். நிறையப் பேர் முழுதாக ஊற்றினால் நல்லது என்று நினைக்கிறார்கள்.

பேட்டரி கணப்பில்: சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் 10° வாக்கிலேயே உறைந்துவிடலாம். பக்கம் உப்பியிருந்தால் சார்ஜும் போடக்கூடாது, வேறு வண்டியிலிருந்து ஜம்பரும் கொடுக்கக்கூடாது, வெடிக்கும். கழற்றி உள்ளே வைத்து உருகவிட்டு, விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் சிசிஏ (கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ்) இன்னும் பட்டியலில் இல்லை. மைனஸ் 18°-இல் 30 நொடிக்கு 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் தரக்கூடிய ஆம்பியர் அது. 'குளிர்முடுக்க ஆம்பியர்' என்று முன்மொழிகிறேன். மறுப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.