ஹெட்டுக்குள் வந்து உட்கார்ந்த ஐஃப்ரேம்

இணையப் பக்கத்தின் ஹெச்டிஎம்எல் கோடு சுத்தமாக இருந்தால் கூகுளில் மேலே வரலாம் என்று பலர் நம்புகிறார்கள். நான் பார்த்தவரை, கோடில் உள்ள பிழைகளைச் சோதிக்கும் வேலிடேட்டரில் ஏகப்பட்ட பிழை காட்டும் பக்கங்கள்கூட முதல் இடத்தில் நிற்கின்றன. ஆனால் சில பிழைகள் வேறு ரகம். தேடுபொறி படிக்க வேண்டியதையே அவை மறைத்துவிடும்.

நண்பர் ஒருவரின் விற்பனைத் தளத்தில் அப்படி ஒன்று மாட்டியது. ஒரே பொருள் பட்டியல், விலைவாரியாக ஒரு முகவரி, நிறவாரியாக ஒரு முகவரி என்று தேடலில் பலமுறை வந்தது. அசல் பக்கம் எங்கோ பின்னால். நகல்களில் எது அசல் முகவரி என்று கூகுளுக்குச் சொல்லும் கேனானிக்கல் டேக் இதற்குத்தானே? அதுவும் இருந்தது. பக்கத்தின் மூலக் கோடைக் காட்டும் வியூ சோர்ஸில் பார்த்தால், பக்கத்தைப் பற்றிய தகவல்கள் இருக்கும் ஹெட் பகுதியில், சரியான முகவரியோடு. தளம் கூகுளுக்கு எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலில் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் போட்டுப் பார்த்தோம். தளம் கேனானிக்கல் எதையும் அறிவிக்கவில்லை என்றது!

பக்கத்தைப் பிரவுசர் எப்படிப் புரிந்துகொண்டது என்று காட்டும் டெவ்டூல்ஸில்தான் விஷயம் பிடிபட்டது. விளம்பரக் கண்காணிப்புக்காக யாரோ ஹெட்டின் தொடக்கத்திலேயே ஓர் ஐஃப்ரேமை (வேறொரு பக்கத்தை உள்ளே காட்டும் பெட்டி) ஒட்டியிருந்தார்கள். ஹெட்டுக்குள் ஐஃப்ரேம் வரக் கூடாது. வந்தால், ஹெட் அத்துடன் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு கோடைப் படிக்கும் பார்சர், பக்கத்தில் தெரியும் பகுதியான பாடியைத் திறந்துவிடும். கீழே இருந்த கேனானிக்கல் பாடிக்குள் போய்விட்டது. அங்கே கிடக்கும் கேனானிக்கலைக் கூகுள் மதிப்பதில்லை. ஐஃப்ரேமைக் கீழே இறக்கியதும், சில வாரங்களில் நகல் முகவரிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வியூ சோர்ஸை மட்டும் நம்பாதீர்கள், அது சர்வர் அனுப்பியதைத்தான் காட்டும்.

* * *

எங்கள் தளத்தில் நடந்தது வேறு கதை. சோதனைப் பக்கங்கள் தேடலில் வரக் கூடாது என்று பக்கத்துக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் டேக் போட்டார்கள். சரி. கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து தேடுபொறி எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் அந்த ஃபோல்டரைத் தடுத்தார்கள். மாதங்கள் ஆகியும் முகவரிகள் போகவில்லை. பக்கத்தைத் திறக்கவே அனுமதி இல்லாத போட் (தேடுபொறிக்காகப் பக்கங்களைப் படிக்கும் நிரல்), உள்ளே இருக்கும் நோஇண்டெக்ஸை எப்படிப் பார்க்கும்? ரோபோட்ஸ் தடையை எடுத்த பிறகுதான் அவை நீங்கின.

* * *

மெனு இணைப்புகளையும் பாருங்கள். நான் வேலை செய்த ஒரு தளத்தில் எல்லாமே உண்மையான இணைப்புகள் அல்ல, சொடுக்கினால் ஸ்கிரிப்ட் ஓடும்படி ஆன்கிளிக் வைத்த டிவ்கள். மனிதர் சொடுக்கினால் திறக்கும், ஆனால் கூகுள்பாட் எதையும் சொடுக்காது. போக வேண்டிய முகவரியைச் சொல்லும் ஹெச்ரெஃப் உள்ள ஏ டேக்காக மாற்றியதும் உள்பக்கங்கள் இண்டெக்ஸ் ஆகத் தொடங்கின. ஹெட்டில் தேடல் சொற்களை அடுக்கும் மெட்டா கீவேர்ட்ஸுக்கு மட்டும் நேரம் செலவழிக்காதீர்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.