சிஓ எழுதுவதில் குழப்பம்: டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம்

புதுவாத்தியார்:
இரண்டாம் ஆண்டுக்கு முதல்முறையாக டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (கணினியில் தரவை ஒழுங்காக வைக்கும் முறைகள்) எடுக்கிறேன். என்பிஏ (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) வேலை நடப்பதால் சிஓ (கோர்ஸ் அவுட்கம், பாடம் முடிந்ததும் மாணவர் என்ன செய்யக்கூடியவராக இருப்பார் என்ற வாக்கியம்) எல்லாவற்றையும் புதிதாக எழுதித் தரச் சொன்னார்கள். "மாணவர்கள் ஸ்டாக் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு), கியூ (முதலில் வந்ததை முதலில் எடுக்கும் வரிசை) பற்றி நன்கு புரிந்துகொள்வார்கள்", "மரங்கள் (கிளை கிளையாகத் தரவை வைக்கும் ட்ரீ) பற்றிய அறிவைப் பெறுவார்கள்" என்று யூனிட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன், ஒருங்கிணைப்பாளர் "இதை எப்படி அளப்பீர்கள்?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார். ப்ளூம்ஸ் பட்டியலை (கற்றலைப் படிப்படியாக வகுத்து, படிக்கு ஏற்ற வினைச்சொற்களைத் தருவது) பார்த்து வினைச்சொல்லை மட்டும் மாற்றினால் போதுமா?

சாக்பீஸ்:
ஃபைல் நகரும், அவ்வளவுதான். மாணவன் எதைச் செய்து காட்டினால் அவனுக்கு ஸ்டாக் வந்துவிட்டது என்று ஒத்துக்கொள்வீர்கள்? அதை எழுதுங்கள் சார். உதாரணமாக, "கொடுக்கப்பட்ட இன்ஃபிக்ஸ் கோவையை ஸ்டாக் கொண்டு போஸ்ட்ஃபிக்ஸாக மாற்றி மதிப்பு காண்பர்". படிக்கும்போதே கேள்வி தெரிகிறது பாருங்கள்: குறி எண்களுக்கு நடுவில் உள்ள (இன்ஃபிக்ஸ்) 3+4*5 கொடுத்தால், குறி எண்களுக்குப் பின்னால் வரும் (போஸ்ட்ஃபிக்ஸ்) 3 4 5 * + வர வேண்டும், விடை 23, ஒவ்வொரு படியிலும் ஸ்டாக்கில் என்ன இருந்தது என்பதற்குத் தனி மதிப்பெண் போடலாம். என்ன செய்வான், எந்த நிலைமையில், எந்த அளவுக்கு என்ற மூன்றையும் கற்றல் நோக்கங்களை எழுதுவது பற்றிய புத்தகத்தில் ராபர்ட் மேகர் 1962-லேயே கேட்டுவிட்டார். "எந்த அளவுக்கு" என்பதை மட்டும் சிஓ வாக்கியத்தில் திணிக்காதீர்கள், அதை அட்டெயின்மென்ட் கணக்கில் (மாணவர்கள் சிஓவை எவ்வளவு எட்டினார்கள் என்ற கணக்கு) வைத்துக்கொள்ளலாம்.

லேப்_மேடம்:
சாக்பீஸ் சார் சொன்னது சரிதான், ஆனால் அந்த சிஓ ரொம்பக் குறுகலாக இருக்கிறது, இப்படியே போனால் ஒரு பாடத்துக்கு முப்பது நாற்பது சிஓ வரும். கொஞ்சம் அகலமாக, "ஒரு சிக்கலுக்குப் பொருத்தமான டேட்டா ஸ்ட்ரக்சரைத் தேர்ந்தெடுத்து, இயக்க நேரத்தைக் காட்டி அந்தத் தேர்வை நியாயப்படுத்துவர்" என்று ஒன்றாவது வையுங்கள். இது எல்லா யூனிட்டையும் தொடும். யூனிட்டுக்கு ஒரு சிஓ என்பது நம் ஊர்ப் பழக்கம்தானே.

அப்புறம், "பகுப்பாய்வர்" என்று எழுதிவிட்டு நோட்ஸில் கொடுத்த ஏவிஎல் (தானே சமநிலையாகும் மரம்) புரோகிராமையே பரீட்சையில் கேட்டால் அது ப்ளூம்ஸில் முதல் படி, வெறும் மனப்பாடம். அதற்குப் பதில் 1 முதல் 1000 வரை ஏறுவரிசையில் பைனரி சர்ச் ட்ரீயில் (சிறியது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம் போகும் மரம்) சேர்த்தால் 1000-ஐத் தேட எத்தனை ஒப்பீடு என்று கேளுங்கள். மரம் ஒரே பக்கமாக இறங்கிப்போய் 1000 ஆகும், சமநிலையான மரமாக இருந்தால் ஏறக்குறைய 10. ஏன் இந்த வித்தியாசம் என்று எழுதச் சொல்லுங்கள், யாருக்குப் புரிந்தது என்று அங்கே தெரிந்துவிடும்.

புதுவாத்தியார்:
நன்றி, இருவருக்கும். முதலில் கேள்விகளை எழுதிவிட்டு அப்புறம் சிஓவுக்கு வருகிறேன். பிஓ மேப்பிங்கில் (ஒவ்வொரு சிஓவும் முழுப் படிப்பின் இலக்குகளோடு எவ்வளவு தொடர்புடையது என்று காட்டும் அட்டவணை) எல்லாக் கட்டத்திலும் 3 (வலுவான தொடர்பு) போடச் சொல்கிறார்கள், போடலாமா?

சாக்பீஸ்:
வேண்டாம் சார். குழுப்பணிக்கு 3 போட்டால், குழுவாக என்ன செய்தார்கள், எங்கே மதிப்பெண் கொடுத்தீர்கள் என்று என்பிஏ ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். காட்ட ஒன்றும் இல்லாத கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள், லேபில் மினி புராஜெக்ட் வைத்தால் அந்த சிஓவுக்கு மட்டும் எண் போட்டுக்கொள்ளலாம்.